கோணல் கப்பலின் கட்சி

போன மாதம் பேத்தியின் பள்ளியிலிருந்து ஒரு வீட்டுப்பாடம் வந்தது. யு.கே.ஜி. பிள்ளை காகிதத்தில் கொக்கு மடித்துக் கொண்டுவர வேண்டுமாம். நான் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். எனக்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று, அதுவும் வால் இல்லாத கொக்கு. ஐந்து வயது விரலுக்கு அது ஆகிற காரியமா? கடைசியில் மருமகள் ராத்திரி பதினொரு மணிக்கு யூடியூபை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மடித்து முடித்தாள். பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டது. மறுநாள் கொக்குக்கு மூன்று ஸ்டார். யாருக்குக் கிடைத்த ஸ்டார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதோடு விட்டார்களா? 'ஓரிகாமி கிட்' என்று ஒரு பெட்டி வீட்டுக்கு வந்தது. சதுரமாக வெட்டிய வழவழப்பான கலர் தாள்கள். "கசக்கிடாதே, விலை ஜாஸ்தி" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. கசக்கப் பயப்படும் பிள்ளை எப்படி மடிக்கும்?

நாம் எதில் மடித்தோம்? பழைய பேப்பரில், எழுதி முடித்த நோட்டுத் தாளில். கப்பல், கத்திக்கப்பல், தொப்பி, ராக்கெட். கீழமாசி வீதி மளிகைக் கடையில் தாளை ஒரு சுருட்டுச் சுருட்டி, மிளகைக் கொட்டி, வாயை மடக்கி நூல் சுற்றுவாரே, அவர்தான் எனக்கு முதல் மடிப்பு வாத்தியார். அந்தப் பொட்டலத்திலிருந்து ஒரு மிளகு சிந்தி நான் பார்த்ததில்லை.

"இதெல்லாம் ஜப்பான்காரன் விளையாட்டு, நமக்கெதற்கு" என்கிற நண்பர்களுக்கு ஒரு தகவல். 1893-ல் சென்னையில், டி. சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பின் வழியே வடிவியல் கற்பதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கான 200 கலர் தாள்கள் கொண்ட பெட்டிதான் அவருக்கு அந்த யோசனையைத் தந்தது. ஜெர்மனியின் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். 1901-ல் சிகாகோவில் புதுப் பதிப்பு வந்தது. அதில் எனக்குப் பிடித்தது தொடக்கம்தான். ஓரம் கோணலான ஒரு துண்டுத் தாளை எடுத்து, மடித்து மடித்தே நேர்கோடும் செங்கோணமும் சதுரமும் வரவைக்கிறார். நாமோ சதுரத்தைக் காசு கொடுத்து வாங்கி, அந்த முதல் பாடத்தையே பிள்ளைக்கு இல்லாமல் செய்கிறோம்.

நாலைந்து வயதுக்கு இவ்வளவு போதும்: முனையோடு முனை சேர்ப்பது, நகத்தால் அழுத்துவது, பிரித்துக் கோட்டைப் பார்ப்பது. பாதி, பாதியில் பாதி எல்லாம் அங்கேயே கைக்குப் பழகிவிடும். வீடியோ வேண்டாம், கண் திரையில் இருந்தால் விரல் எங்கோ போகும். பக்கத்தில் உட்காருங்கள், எதிரே வேண்டாம். எதிரே உட்கார்ந்தால் உங்கள் வலது அதற்கு இடது.

ஆனால் இந்த விஷயத்தில் நானும் குற்றவாளிதான். சென்ற ஐப்பசி மழையன்று பேத்தி ஒரு கப்பல் மடித்தாள். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு. எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கிப் பிரித்து, நேராக மடித்துக் கொடுத்தேன். அவள் தொடவே இல்லை. "இது தாத்தா கப்பல்" என்று திண்ணையில் வைத்துவிட்டாள். அப்பத்தா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

திரும்பவும் ஒரு தாளை உருவிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, நான் பார்க்காதபடி மடித்தாள். இதுவும் கோணல். வாசலில் தேங்கிய தண்ணீரில் விட்டாள். இரண்டே நிமிடத்தில் சரிந்து முழுகியது.

உடனே கை நீட்டினாள், அடுத்த தாளுக்கு. அது அன்றைய பேப்பர். நான் இன்னும் முதல் பக்கமே படித்து முடிக்கவில்லை.