கூச்சமா, வாய்ப்பூட்டா?

பட்டாசு அறை ஒன்று வெடித்துச் சிதறியது. அதிகாரி விசாரணைக்கு வந்தார். தண்ணீர் குடிக்க வெளியே போனதால் உயிர் தப்பிய சகோதரி ஒருவரை அழைத்து, "அந்த அறையில் எத்தனை பேர் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். பதினேழு வருஷமாகச் சரம் பின்னும் கை நடுங்கியது. உதடு உலர்ந்தது. "தெரியலீங்க சார்" என்றார். வெளியே வந்ததும் நம்மிடம் சொன்னார்: "பதினோரு பேருண்ணே. அத்தனை பேர் பெயரும் தெரியும். என்னமோ நெஞ்சு அடைச்சுப் போச்சு."

ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. அந்த விதியை முதலாளி மதித்தாரா என்பதற்கு இவர் வாய்தான் சாட்சி. அந்த வாய் திறக்கவில்லை! இது அற்ப விஷயமா? முதலிப்பட்டியில் 2012-ல் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சங்குளத்தில் 2021-ல் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

"கூச்ச சுபாவம். இந்த ஜனங்கள் அப்படித்தான்" என்று ஒரு கனவான் அங்கேயே சிரித்தார். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளுமைப் பயிற்சி நடத்தும் பிரசங்கிகளோ, தயக்கத்தை உதறு, வெற்றி உன் காலடியில் என்று போதிக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: இதே சகோதரி குழாயடியில் வாய் பேசாதவரா? பங்குனிப் பொங்கலில் குலவை போடுவதில் முதல் ஆள் அவரல்லவா? அங்கெல்லாம் இல்லாத கூச்சம் நாற்காலிக்கு எதிரே மட்டும் எங்கிருந்து முளைத்தது?

நோயே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. நாலு பேர் பார்க்கச் சாப்பிட முடியாமல், கல்யாணம் கருமாதி எதற்கும் போக முடியாமல் நெஞ்சு படபடக்க ஒளிந்து வாழ்வோர் உண்டு. மருத்துவர்கள் இதைச் சமூகப் பதற்ற நோய் என்கிறார்கள். பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும். குடும்ப வழியிலும் ஓரளவு வருவதுண்டு. இவர்களைக் கேலி செய்பவன் அறிவிலி. கோடாங்கிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற எண்ணில் காசில்லாமலே பேசலாம்.

ஆனால் அச்சத்தின் உருவம் தேசத்துக்குத் தேசம் மாறுகிறது. தன் பார்வையோ உடல் வாடையோ பிறருக்கு அருவருப்பாக இருக்குமோ என்று நடுங்கும் நிலைக்கு ஜப்பானிய மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நம் கரிசல் சீமையில் அதற்கு என்ன உருவம்? துண்டை இடுப்பில் கட்டு. செருப்பைக் கையில் எடு. பெண்ணே, சத்தமாகச் சிரிக்காதே. போர்மேன் வந்தால் எழுந்து நில். இப்படிப் பிறந்தது முதல் பாடம் நடத்திவிட்டு, பிறவிக் குணம் என்பது என்ன நியாயம்? அந்தப் பாடத்துக்குக் காவலாக முன்பணக் கடன் வேறு. பேசினால் நாளைக்கு வேலையில்லை, கடனை உடனே கட்டு! இது மனநோய் அல்ல, வயிற்றுக் கணக்கு.

இரத்தத்தில் ஊறியது என்போர் சொந்த ஊர்ச் சரித்திரத்தைப் புரட்டட்டும். இதே சிவகாசியில் நாடார் மக்கள் கோயிலுக்குள் நுழையத் தடை இருந்தது. அந்தத் தகராறு முற்றி 1899-ல் ஊரே சூறையாடப்பட்டது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் தோற்றது. அம்மக்கள் ஒடுங்கிப் போனார்களா? விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8-ல் தாழ்த்தப்பட்ட மக்களோடு நாடார்களும் நுழைந்தார்கள். நாற்பதே ஆண்டுகள்! இதற்குள் யாருடைய இரத்தம் மாறியது?

இன்னும் கிட்டத்து உதாரணம் வேண்டுமா? நம் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும், மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. மனுப் போட ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் ராஜினாமா. பயந்தாங்கொள்ளிகள் என்று பலர் பழித்தார்கள். இடைவிடாத இயக்கமும் அரசின் பாதுகாப்பும் சேர்ந்தபோது, 2006 அக்டோபரில் அதே ஊர்களில் தேர்தல் நடந்தது. அதே மக்கள்தான் நின்றார்கள்.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் செய்யும் ஒரு வைத்தியம், அஞ்சும் இடத்துக்கே சிறிது சிறிதாகப் போகப் பழக்குவது. ராஜபாளையம் மில் கேட்டானாலும் வயல் வரப்பானாலும் சங்கம் செய்வதும் அதுதான். முதல் நாள் கூட வந்து நிற்கிறார். அடுத்த நாள் மகஜரை நீட்டுகிறார். பிறகு வாய் திறக்கிறார். ஆனால் நம் கூட்டங்களில் நடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்கள் தரையில், கடைசி வரிசையில். நாற்காலிகள் எல்லாம் நமக்கு. இந்த லட்சணத்தில் அதிகாரியின் நாற்காலியை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

அந்தச் சகோதரி அடுத்த விசாரணைக்கு மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். முந்தின இரவு நால்வரும் திண்ணையில் உட்கார்ந்து, ஒருத்தி அதிகாரியாக நடிக்க, மற்றவர்கள் மாறி மாறிப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். கை அப்போதும் நடுங்கியது. "பதினோரு பேர் சார்" என்றார். பெயர்களையும் சொன்னார். எழுத்தர் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.