டூர்மாலே கணவாயும் சராசரி என்னும் பொய்யும்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பிரனீஸ் மலையின் டூர்மாலே கணவாய்க்குப் போனதே ஒரு பொய்யை நம்பித்தான்! 1910ல் ஆல்ஃபோன்ஸ் ஸ்டைனெஸ் என்பவர், பந்தயத்தை நடத்திய பத்திரிகையின் சார்பில் அந்தப் பாதையைப் பார்த்துவரப் போனார். வழியெங்கும் பனி. இதற்கு மேல் கார் போகாது என்று டிரைவர் கைவிரித்துவிட்டார். ஸ்டைனெஸ் இருட்டில் தனியாக நடந்தே கணவாயைக் கடந்தார். வழி தவறிப் பனியில் விழுந்து எழுந்து, நள்ளிரவுக்குப் பிறகுதான் மறுபக்கத்து பரேஜ் ஊரை அடைந்தார். அதன் பின் ஆசிரியர் ஆன்றி டெகிராஞ்சுக்கு ஒரு தந்தி அடித்தார். டூர்மாலேயைக் கடந்தாயிற்று, சாலை மிக நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்பதுதான் செய்தி.

அந்தத் தந்தியை நம்பி 1910 ஜூலை 21 அன்று வீரர்கள் அந்த மலையில் ஏறினார்கள். அன்றைய ஒரு நாள் தூரம் மட்டும் 326 கிலோமீட்டர். உச்சியை முதலில் தொட்ட ஆக்டேவ் லாபீஸ்கூட வழியில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்தான். கடைசிவரை இறங்காமல் மிதித்தவர் குஸ்தாவ் கரிகூ. அதற்காக அவருக்கு 100 பிராங்க் பரிசு கொடுத்தார்கள்.

இன்று அங்கே நல்ல தார்ச்சாலை இருக்கிறது. கோடையில் உலகின் பல மூலைகளிலிருந்தும் சாதாரண சைக்கிள் பிரியர்கள் 2115 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாய்க்கு வருகிறார்கள். ஸ்டைனெஸின் தந்தி போய்விட்டது. ஆனால் அதே வேலையைச் செய்ய இன்னொன்று வந்துவிட்டது. அதன் பெயர் சராசரி.

கிழக்குப் பக்கம் சாந்த் மரி த கம்பான் என்ற சிற்றூரிலிருந்து கணவாய்க்குச் சுமார் 17 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1260 மீட்டர். கணக்குப் போட்டால் சராசரி ஏற்றம் 7.4 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 7.4 மீட்டர் உயர வேண்டும். பயிற்சி செய்தவருக்கு இது பயமுறுத்தும் எண் அல்ல. ஆனால் முதல் 5 கிலோமீட்டர் 4 சதவீதத்தை ஒட்டி, புல்வெளிகளுக்கு நடுவே சுகமாகப் போகிறது. அதைக் கழித்துவிட்டு மீதி 12 கிலோமீட்டரைப் பாருங்கள். சராசரி 9 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்! 7.4 என்ற எண்ணுக்குத் தயாரானவர், முதல் 5 கிலோமீட்டரில் ஆஹா எவ்வளவு எளிது என்று வேகமாக மிதித்துக் காலைக் களைப்பாக்கிக்கொண்டு, உண்மையான மலை ஆரம்பிக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறார். மேற்கே லூஸ்-சான்-சோவர் வழியில் 19 கிலோமீட்டர், 1400 மீட்டர் உயரம், சராசரி அதே 7.4தான். அங்கே ஏற்றம் ஓரளவு சீராக இருக்கிறது, ஆனால் கடைசிக் கிலோமீட்டர் 10 சதவீதத்தைத் தொடுகிறது. சராசரி ஒன்றுதான், மலை இரண்டு. எனவே திட்டமிடுபவர் முதலில் செய்ய வேண்டியது, கிலோமீட்டர் கிலோமீட்டராக ஏற்றத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்வது. (சாலையோரத்தில் சைக்கிள்காரர்களுக்கென்றே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை அங்கே போய்ப் படித்து அதிர்ச்சி அடைவதில் என்ன பயன்?)

அடுத்தது கியர். இங்கேதான் கௌரவம் என்ற பூதம் குறுக்கே வருகிறது. முன்னால் 39 பல், பின்னால் 25 பல் என்பது ஒரு காலத்தில் பந்தய வண்டிகளின் வழக்கமான சின்ன கியர். அதைவிடச் சிறியது போட்டால் கிழவர் வண்டி என்று கேலி செய்வார்கள். இந்தக் கேலிக்கு வயது நூறுக்கு மேல். வேகம் மாற்றும் கியர் எல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று எழுதியவர் டூர் பந்தயத்தைத் தொடங்கிய அதே டெகிராஞ்ச். டூரில் டிரெயிலர் கியரை அனுமதிக்க 1937 ஆயிற்று.

கௌரவத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத ஏற்றம். பெடல் நிமிடத்துக்கு 60 சுற்று, அதற்குக் குறைந்தால் முழங்கால் கதறும். 39க்கு 25 கியரில் அப்படி மிதித்தால் வேகம் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர், அதற்குத் தேவையான சக்தி 290 வாட் அளவில். 34க்கு 32 கியரில் அதே 60 சுற்றுக்கு வேகம் 8 கிலோமீட்டர், சக்தி 195 வாட் அளவில். நன்றாகப் பயிற்சி எடுத்த பொழுதுபோக்கு சைக்கிள்காரர் ஒருவரால் 200 வாட்டை இரண்டு மணி நேரம் தாங்க முடியும். 290 வாட் என்றால் அவர்களில் பெரும்பாலோர் சில நிமிடங்களில் மூச்சு வாங்கி நின்றுவிடுவார்கள். அதாவது மலையில் ஏறுவதா, தள்ளிக்கொண்டு நடப்பதா என்பதைப் பல சமயம் வீட்டிலேயே, பின்சக்கரத்துப் பற்கள் முடிவு செய்துவிடுகின்றன. இன்றைய தொழில்முறை வீரர்களே மலை நாட்களில் 30, 32, 34 பல் என்று வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்களுக்கு இல்லாத வெட்கம் மற்றவர்களுக்கு எதற்கு?

இவ்வளவு கணக்குப் போட்டால் சைக்கிள் ஓட்டும் இன்பமே போய்விடும், மனசு இருந்தால் ஏறிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வாட் மீட்டரையே முறைத்துக்கொண்டு மலையைப் பார்க்காமல் இறங்கி வருபவர்களை நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கணக்கை முதல் நாளே வீட்டில் போட்டு முடித்தவருக்குத்தான் மறுநாள் தலை நிமிர்த்தி மலையைப் பார்க்க நேரம் இருக்கும். மனசை நம்பிக் கிளம்பியவர் முன்சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு போவார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேற்குப் பக்கம் 200 வாட்டில் ஏற ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம் ஆகும், அதற்குள் 1300 கலோரிக்கு மேல் செலவாகும். பசி வருவதற்கு முன்பே, முக்கால் மணிக்கு ஒருமுறையாவது எதையாவது வாயில் போட வேண்டும்.

பெரும்பாலான திட்டங்கள் உச்சியோடு முடிந்துவிடுகின்றன. இதுதான் பெரிய ஓட்டை. உச்சியில் நிற்பவர் பாதி வழிதான் வந்திருக்கிறார். 1000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே லூஸில் 30 டிகிரி வெயில் என்றால் மேலே 21தான். வியர்வையில் நனைந்த சட்டையோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது அந்தக் காற்று எலும்பு வரை போகும். விறைத்த விரல்களால் பிரேக்கை அழுத்த முடியாது. ஏறும்போது அரைக் கிலோ கூடுதல் என்று ஜாக்கெட்டையும் கையுறையையும் விட்டுவிட்டு வருவது சிக்கனம் அல்ல, ஆபத்து. 1913ல் யூஜின் கிறிஸ்டோஃபின் வண்டியில் முன் ஃபோர்க் உடைந்ததும் இதே டூர்மாலே இறக்கத்தில்தான். பிறர் உதவி கூடாது என்பது விதி. வண்டியைச் சுமந்துகொண்டு 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சாந்த் மரி த கம்பானில் ஒரு கொல்லன் பட்டறையில் தானே அதைப் பற்ற வைத்தார். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அவருக்கு அபராதம் வேறு! இன்று ஃபோர்க் உடைவது அபூர்வம். ஆனால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, டயரில் வெட்டு இருக்கிறதா என்று பார்ப்பது ஏறும் முன் செய்ய வேண்டிய வேலை, உச்சியில் அல்ல.

கடைசியாக, திரும்பும் நேரம். கோடையில் பிரனீஸில் காலை வானம் பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடி இடிக்கும். முதல் முறை போகிறவருக்கு மேற்குப் பக்கமே நல்லது. லூஸிலிருந்து காலை 7 மணிக்குக் கிளம்பினால், மெதுவாக 150 வாட்டில் மிதிப்பவர்கூட நடுவே இளைப்பாறி 10 மணிக்குள் மேலே போய்விடலாம். 11 மணி ஆகியும் கணவாய் எட்டவில்லை என்றால் எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்புவது என்று கீழேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மேலே போன பிறகு யோசித்தால், இன்னும் ரெண்டே கிலோமீட்டர்தானே என்றுதான் எந்தக் களைத்த மூளையும் சொல்லும். திரும்பியவர் அடுத்த வாரம் வரலாம், அடுத்த வருடமும் வரலாம். உச்சியில் நிற்கும் அந்தப் பெரிய சைக்கிள் வீரன் சிலையைக்கூட ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பனிக்கு முன்பே கீழே இறக்கி, ஜூனில்தான் மறுபடி மேலே ஏற்றுகிறார்கள்.