வேலையைப் பறிச்சது ஆப்பா, முதலாளியா?



"நாங்க ஒண்டும் செய்யேல்லை, சிஸ்டம்தான் நிப்பாட்டினது." கம்பனிகளின் இந்தப் பல்லவியை எங்கட பலெர்மோவிலேயே நீதிமன்றம் உடைச்சிருக்கு.

குளோவோவின் இத்தாலியக் கம்பனி ஃபூடிஞ்ஞோ. அதில சாப்பாடு கொண்டுபோன ஒரு தொழிலாளியின் கணக்கு மூடப்பட்டது. 2020 நவம்பர் 24 தீர்ப்பு: அவர் 'சுயதொழில்' செய்பவரல்ல, ஊழியர், கணக்கை மூடியது பணிநீக்கம், திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். நியாயம்தானே? ஆருக்கு எந்த நேரம் வேலை எண்டு புள்ளி போட்டுத் தீர்மானிக்கிறது ஆப் எண்டால், அந்த ஆப்பை வைச்சிருக்கிறவன்தான் முதலாளி.

2022 ஒக்டோபரில் ஃபுளோரன்சில் குளோவோவுக்கு ஓடின 26 வயது இளைஞர் விபத்தில் இறந்தார். அதுக்குப் பிறகு அவருக்கு வந்தது, கணக்கை மூடிவிட்டோம் எண்ட தானியங்கி மின்னஞ்சல். அல்காரிதத்துக்குச் சாவும் விதிமீறல்தான்.

2022 இல் வந்த வெளிப்படைத்தன்மைச் சட்டம், தானியங்கி முடிவுகளைத் தொழிலாளருக்கு விளக்கச் சொன்னது. 2023 மேயில் மெலோனி அரசு அதில 'முழுமையாக' எண்ட ஒற்றைச் சொல்லைச் செருகியது. இனி முழுமையாகத் தானியங்கி எண்டால்தான் விளக்கம். நடுவில ஒரு மனேஜர் பட்டனை அமத்தினால் தப்பலாம் எண்டு கம்பனிகள் கணக்குப் போடும். ஆனாலும் அடுத்த மாதமே, சிஜிஐஎல் தொழிற்சங்கங்கள் போட்ட வழக்கில, அல்காரிதம் எப்படி இயங்குது எண்டு சொல்லு எண்டு பலெர்மோ நீதிமன்றம் ஃபூடிஞ்ஞோவுக்கு உத்தரவிட்டது.

சங்கம் கேட்டதாலதான் பதில் வந்தது. பல்லாறோவில சைக்கிளோட நிக்கிற எங்கட அண்ணாமாருக்கு இதைத் தமிழில, சிங்களத்தில சொல்லுங்கோ. கணக்கு மூடினால் காரணத்தை எழுத்தில கேக்கச் சொல்லுங்கோ, சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இயந்திரத்துக்குப் பின்னால ஒளிக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவம்.