தடாகத்து நீரும் கிணற்று நீரும்

ஆடி மாதத்துக் கடைசி வாரம். சோளகக் காற்று புழுதியை வாரி வீசிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதிலே, கோப்பாயில் வீடு கட்டிக் குடியிருக்கும் என் ஒன்றுவிட்ட தமையனார் தொலைபேசியில் அழைத்தார். இலண்டனில் நெடுங்காலம் உழைத்துவிட்டு ஊருக்கு மீண்டவர் அவர். "தம்பி, நீர் இரசாயனம் படிப்பிக்கிறீர் அல்லோ? எங்கடை தடாகத்துத் தண்ணி பச்சை பிடிச்சுப் போச்சு. குளோரீன் இருக்கெண்டுதான் காட்டுது. ஒருக்கால் வந்து பாரும். பேரப்பிள்ளையள் நாளைக்கு வருகினம்" என்றார்.

வீட்டு முற்றத்தில் நீச்சல் தடாகம் என்றால், துலா மிதித்துப் பட்டையால் இறைத்துக் குளித்த நம் பாட்டன்மார் நகைத்திருப்பார்கள். நான் நகைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் ஊருக்கு வர ஆசைப்படவேண்டும் என்றுதான் அவர் அதனைக் கட்டினார். எட்டு மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம், சராசரி ஒன்றேகால் மீற்றர் ஆழம். அஃதாவது 40,000 லீற்றர் நீர். சென்று பார்த்தேன். நீர் இளம்பச்சையாய்க் கலங்கியிருந்தது; தரை தெரியவில்லை. "தரை தெரியும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நோய்க்கிருமிகள் ஒருபுறம் இருக்கட்டும். கலங்கிய நீரின் அடியிலே ஒரு குழந்தை கிடந்தாலும் கரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாதே!

குளோரீன் ஒன்றும் புதிய சரக்கு அன்று. சுவீடன் நாட்டு ஷீலே என்பவர் 1774ஆம் ஆண்டிலே அதனைப் பிரித்தெடுத்தார். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜேர்சி நகரத்தில் குடிநீர் முழுவதற்கும் அதனை இடைவிடாது சேர்க்கத் தொடங்கினார்கள். கிருமிகளைக் கொல்லுவதில் அதற்கு நிகரான மலிவுப் பொருளைக் காண்பது அரிது. ஆயின் அதற்கு ஒரு பகை உண்டு, அதுதான் வெயில். திறந்த தடாகத்திலே காலையில் இட்ட குளோரீனின் பெரும்பகுதியை நண்பகல் வெயில் இரண்டொரு மணி நேரத்துக்குள் அழித்துவிடும். யாழ்ப்பாணத்து வெயிலைப் பற்றி யாழ்ப்பாணத்தவர்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பகைக்கு மாற்றாகக் கண்டதுதான் சயனூரிக் அமிலம். கடைக்காரர் இதனை 'ஸ்ரெபிலைசர்' என்பர். இது குளோரீனைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு வெயிலிலிருந்து காக்கும். நீரில் உள்ள குளோரீன் செலவாகச் செலவாகச் சிறிது சிறிதாக விடுவிக்கும். லீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராம்வரை இருந்தால் நன்று. அளவு மிஞ்சினாலோ, காவற்காரனே சிறைக்காவலன் ஆகிவிடுகின்றான். சோதனைக் குழாயில் குளோரீன் இருப்பதாகவே நிறம் காட்டும். ஆயின் கிருமியைக் கொல்ல அது முன்வருவதில்லை. குதிர் நிறைய நெல்லைப் பூட்டி வைத்துவிட்டு, உலையில் வெறுந்தண்ணீரைக் கொதிக்க வைத்தது போலத்தான். ஆகவே குளோரீனை மட்டும் அளந்தால் போதாது. காவலன் எவ்வளவு என்பதையும் அளந்து, அதில் நூற்றுக்கு ஏழரைப் பங்கேனும் குளோரீன் இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

தமையனாரின் சோதனைப் பெட்டியில், அடியிலே கரும்புள்ளி இட்ட குழாய் ஒன்று இருந்தது. மருந்து கலந்த நீரை ஊற்றிக்கொண்டே வர, கலங்கலில் புள்ளி மறையும் இடந்தான் சயனூரிக் அமிலத்தின் அளவு. இங்கே 100 என்ற கோட்டுக்கு முன்பே புள்ளி மறைந்தது. பின்பு தடாகத்து நீரோடு சம அளவு கிணற்று நீர் கலந்து சோதித்தேன்; 60 காட்டியது. இரட்டித்தால் 120. குளோரீனோ 3 மில்லிகிராம். இருந்திருக்க வேண்டியது 9.

"உந்த அமிலத்தை நான் ஒருநாளும் போடேல்லையே!" என்றார் அவர். போட்டிருந்தார்; அறியாமற் போட்டிருந்தார். அவர் பாவித்தவை ட்ரைகுளோர் எனப்படும் வெள்ளை வில்லைகள். அவற்றிலே குளோரீனும் சயனூரிக் அமிலமும் ஒன்றாகவே இருக்கின்றன. மாணவர்கள் கணக்கைச் செய்து பார்க்கட்டும். 200 கிராம் வில்லை ஒன்று 40,000 லீற்றர் நீரில் லீற்றருக்கு நாலரை மில்லிகிராம் குளோரீனைத் தரும், கூடவே 2.7 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கும். குளோரீன் செலவாகிவிடும், மற்றது தங்கிவிடும். நீர் ஆவியாகிப் போனாலும் அது போகாது. வாரத்துக்கு மூன்று வில்லைகள், சித்திரையிலிருந்து பதினைந்து வாரங்கள், ஆக 45 வில்லைகள். பெருக்கினால் 121 வருகின்றது. குழாய் காட்டியதும் அதுவே. கணக்கும் சோதனையும் இவ்வளவு இசைந்து வருவது என் ஆய்வுகூடத்திலும் அபூர்வம்!

மருந்து வைத்திருந்த கொட்டிலை எட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு துணுக்குற்றது. வில்லை வாளிக்கு அருகிலே கல்சியம் ஹைப்போகுளோரைற்றுத் தூள் வாளி. இரண்டுக்கும் ஒரே அகப்பை. இவ்விரண்டும் குளோரீன் தரும் மருந்துகளாயினும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்; சிறிது ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெவ்வேறு அகப்பை, வெவ்வேறு இடம், பிள்ளைகள் கை எட்டாத பூட்டு ஆகியவை வேண்டும். அமிலமும் அவ்வாறே. நமது சுண்ணாம்பு நீரின் காரத்தைக் குறைக்கச் சிலர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வார்ப்பதுண்டு. அது வெளிற்றும் தூளோடு சேர்ந்தால் எழுவது 1915ஆம் ஆண்டு ஈப்ரே போர்க்களத்தில் மனிதரைக் கொல்ல விட்டார்களே, அதே வாயு.

நிற்க. மிஞ்சிய சயனூரிக் அமிலத்தைப் போக்க எளிய மருந்து இல்லை. நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் நிரப்புவதே வழி. பாதி நீரை மாற்றினால் 120 என்பது 60 ஆகும். இலண்டனில் குழாயைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. கோப்பாயில் அந்த 20,000 லீற்றர் எங்கிருந்து வரும்? கிணற்றிலிருந்து அல்லவா?

குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. மாரியில் விழும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. நவக்கிரியின் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருப்பதை அறிவீர்கள். கோடை முற்றிய வேளையில் இயந்திரம் வைத்து அடித்து இறைத்தால் உப்பு மேலே ஏறும். ஏறினால் அவர் கிணற்றோடு நிற்குமா? அயல்வீட்டுக் கிணறும், அப்பால் உள்ள தோட்டக் கிணறும் ஒரே நிலத்தடி நீரைத்தானே பகிர்கின்றன!

"மாரி மட்டும் பொறுங்கோ, அண்ணை" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. குளோரீனை இன்னும் கூட்டினால் ஆகாதோ என்று கேட்டார். இந்த நிலையில் பச்சையைப் போக்க 40 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றிப் பல நாள் தாங்க வேண்டும். அந்த நீரில் குழந்தைகளை இறக்கலாகாது. அவர் முகம் வாடியதைக் கண்டு எனக்கும் வருத்தமாகவே இருந்தது.

புறப்படும்போது, "கிணத்துக்குள்ளும் ரெண்டு வில்லை போட்டால் நல்லதோ?" என்றார். நல்லகாலம், கேட்டார்! தடாகத்து வில்லையைக் குடிநீர்க் கிணற்றில் இடவே கூடாது. ஆழத்து நிழலில் இருக்கும் நீருக்கு வெயிற்காவல் எதற்கு? கிணற்றைக் கலக்கி இறைத்தபின், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் புதிய வெளிற்றும் தூளைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வார்த்தால் போதும். அரைமணி நேரத்தின் பின்னும் லீற்றருக்கு அரை மில்லிகிராம் குளோரீன் மிஞ்சியிருக்க வேண்டும். தோட்டத்து உரத்தால் சேர்ந்த நைத்திரேற்றைக் குளோரீன் போக்காது என்பதையும் ஈண்டுச் சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். தடாகத்தைப் பார்த்து மூத்தவன் அழுதான். எல்லோரையும் கீரிமலைக் கேணிக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ஊற்று இடைவிடாது வந்து கடலுக்கு ஓடிக்கொண்டே இருக்கின்றது. மாலைவரை அவர்களைக் கரையேற்ற முடியவில்லை.

ஐப்பசியில் முதல் மழை கண்டதும் பாதி நீரை, குளோரீன் அடங்கிய பின், கிணற்றுக்கு எட்டத்தில் சிறிது சிறிதாக வெளியேற்றினோம். முழுவதையும் வெறுமையாக்கவில்லை, நிலத்தடி நீர் உயரும் மாரியில் வெறுந்தடாகத்தை அது மேலே தூக்கிவிடும். மழையே மிச்சத்தை நிரப்பியது, கிணற்றைத் தொடவில்லை. தையில் அளந்தபோது புள்ளி 50க்குச் சற்று மேலே மறைந்தது. இப்போது அவர் வில்லையை விட்டு, குளோரீன் திரவத்தைச் சிறிய கலன்களாகப் புதிதாய் வாங்கி, மாலையில் அளந்து வார்க்கிறார். கணக்கை எழுதப் பேரனின் பழைய கொப்பி ஒன்று கொட்டிற் கதவிலே தொங்குகின்றது.