அளவுகோல் யார் மொழியில்?

பாரிவாக்கத்துக் குழந்தை ஒன்று பேசப் பிந்துகின்றது எனக் கொள்க. அதன் உளவளர்ச்சியை அளக்க ஆய்வு மாணாக்கர் வருகின்றார். குழந்தையின் மொழி தமிழ். அவர் கையேடோ ஆங்கிலம்! வினாக்களை அப்போதைக்கப்போது பெயர்த்துக் கேட்பாராயின், ஆளுக்கொரு பெயர்ப்பு, ஆளுக்கொரு மதிப்பெண்! பெயர்த்தவர் பிழை குழந்தையின் அறிவுக்குறையாக ஏட்டில் ஏறுகின்றது. இஃது அறமா?

பினேயும் சிமோனும் 1905இல் பாரிசுக் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு மொழியில் அறிவளவை வகுத்தனர். அமெரிக்கர் அதனை அப்படியே ஏற்றனரா? இல்லை! 1916இல் தெர்மன் தம் நாட்டுக் குழந்தைகளிடம் ஆய்ந்து திருத்தியமைத்தார். 1930களில் காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கென மாற்றியமைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றியதோ 1943இல். எண்பதாண்டு கடந்தும் ஆங்கில ஏட்டையே கட்டியழுவதா?

வெறும் மொழிபெயர்ப்பும் போதாது. தமிழ்க் குழந்தைகள் பல்லாயிரவரிடம் ஆய்ந்து, அகவைதோறும் நிறுவிய அளவே அளவு. அவ்வுழைப்பே முதுகலை மாணாக்கர்தம் ஆய்வுப்பொருள் ஆகுக! பெற்ற தாய் படித்தறிய இயலா ஆய்வேடு யார்க்குப் பயன்? தமிழ்க் குழந்தையின் உள்ளத்தைத் தமிழால் அளந்து, தமிழிலேயே எழுதுக!