மாரடைப்பு என்று எழுதிய பாவம்

"திடீர் மாரடைப்பால் காலமானார்." இந்த வரியை எத்தனை நூறு தடவைகள் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவற்றுள் ஒன்றைப் பொய்யென்று தெரிந்துகொண்டே எழுதினேன்.

காலமானவர் எங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். காசநோயால் அவருடைய இருதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. ஊசியால் அதை வெளியேற்றவேண்டும் என்றார் வைத்தியர். "நெஞ்சிலை ஊசி குத்தினால் ஆள் தப்பாது" என்று கூடிநின்ற சுற்றம் மறுத்துவிட்டது. மறுநாள் விடியுமுன் எல்லாம் முடிந்தது. நானும் அங்கேதான் நின்றேன், வாய் திறக்கவில்லை.

அந்த அச்சத்தையே இங்கு எதிர்க்கிறேன். இருதயத்தைப் போர்த்திருக்கும் இரட்டைச் சவ்வினிடையே 15 முதல் 50 மில்லி லீற்றர் வரை நீர் இருப்பது இயல்பு. மெல்ல மெல்லச் சேர்ந்தால் ஒரு லீற்றரைக்கூட அந்த உறை தாங்கும். விரைந்து சேர்ந்தாலோ 200 மில்லி லீற்றரே உயிரைக் குடிக்கும். வெளியிலிருந்து நெருக்கும்போது இருதயம் விரிய முடியாது. விரியாத இருதயத்தில் இரத்தம் நிரம்பாது. நிரம்பாத இருதயம் எதை உடலுக்குப் பாய்ச்சும்? இரத்த அழுத்தம் வீழும், கழுத்து நாளங்கள் புடைக்கும், இருதய ஒலி மங்கும். இம்மூன்று குறிகளையும் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் குளோட் பெக் 1935 இல் எடுத்துரைத்தார். இந்த நெருக்கத்தை மாத்திரை தளர்த்தாது. நீரை எடுப்பதே வழி.

"ஊசி இருதயத்தைக் கிழித்துவிடாதா?" என்பார்கள். உள்ளே பார்க்க வழியின்றிக் குத்திய காலத்தில் அது நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1979 முதல் 21 ஆண்டுகளில், எக்கோ படத்தின் துணையுடன் செய்யப்பட்ட 1,127 சிகிச்சைகளில் பெருஞ்சிக்கல் நேர்ந்தவை 1.2 வீதமே. பெருநாடி கிழிந்து குருதி தேங்கினால் ஊசி போதாது, சத்திரசிகிச்சை வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அதைத் தீர்மானிக்கவேண்டியவர் வைத்தியரே அன்றி, விறாந்தையில் நிற்கும் சித்தப்பாவோ பெரியப்பாவோ அல்லர்.

பத்திரிகையாளர்களாகிய எங்களையும் விடமாட்டேன். மாரடைப்பு என்பது இருதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது, இது வேறு. எல்லாச் சாவுக்கும் ஒரே சொல்லை ஒட்டி, தடுத்திருக்கக்கூடிய சாவையும் விதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இருதயத்தைச் சுற்றி நீர் என்று வைத்தியர் சொன்னால், "ஊசி வேண்டாம்" என்று சொல்லுமுன், "எப்போது எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். அன்று நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.