சமாதானம் பேசுகிறவர்கள் வழக்கில் கைவைக்க வேண்டாம்

1997-இல், பட்டியல் சாதியைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரரான வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து எங்கள் வட்டாரம் சாதிக் கலவரத்தில் பற்றி எரிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. பலகையை மாற்ற அரசாணை போதும். ஆனால் ராஜபாளையத்துப் பஞ்சாலையில் ஒரே ஷிப்டில் நின்றவர்கள், வேலை முடிந்து இருட்டில் ஊர் திரும்பப் பயந்தார்களே, அதற்கு எந்த ஆணை போடுவது?

நான் அப்போது தொழிற்சங்கத்தில் இருந்தேன். ஆசிரியர்கள், வியாபாரிகள், சங்கத்துக்காரர்கள் என்று சேர்ந்து ஊர் ஊராகப் போனோம். வெளியூரிலிருந்து மனித உரிமை அமைப்பினர் உண்மை அறியும் குழுவாக வந்தார்கள். அரிசியும் பாத்திரமும் திரட்டியவரை ஒன்றாகத்தான் இருந்தோம். வழக்கு என்று வந்ததும் பிளவு வந்தது. “ரெண்டு பக்கமும் கேஸை வாபஸ் வாங்கட்டும், ஊர் அடங்கும்” என்றார்கள் எங்களில் பலர். “எஃப்.ஐ.ஆரில் கை வைக்காதீர்கள்” என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். அறிக்கை எழுதிவிட்டு பஸ் ஏறிவிடுவீர்கள் என்று நாங்களும், ஆதிக்கச் சாதிக்குத் தூது போகிறீர்கள் என்று அவர்களும் பேசிக்கொண்டது இன்றும் வலிக்கிறது.

ஒரு கூட்டத்தில், வீடு எரிந்துபோன ஒரு பாட்டியிடம் சமாதானக் கடிதத்தை நீட்டினார்கள். எதிர்த்தரப்புப் பெரியவர்கள் நாற்காலியில் இருக்க, அவர் நின்றுகொண்டே கேட்டார்: “கைநாட்டு வச்சா கூரை வந்துருமாய்யா?” ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி நிவாரணம் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தண்டனை என்று கட்டம் கட்டமாக வருகிறது. வழக்கைக் கைவிடச் சொல்வது அந்தப் பாட்டியின் கூரையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கச் சொல்வது. குழாயடி, டீக்கடை, சுடுகாட்டுப் பாதை, கூலி பற்றி சமாதானக் குழு பேசட்டும். பேச வேண்டியது அதில் நிறைய இருக்கிறது. வழக்கு மட்டும் அதன் மேசைக்கு வரவே கூடாது.

வெளியிலிருந்து வருகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எங்கள் மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு வாய்தாவுக்கு வரும் சாட்சி, மறுநாள் எதிர்த்தரப்பின் தோட்டத்துக்கே வேலைக்குப் போக வேண்டும். சாட்சி பிறழ்வது பெரும்பாலும் அந்தத் தோட்டத்தில்தான். அங்கே அவருக்குத் துணை நிற்க உள்ளூர்க்காரரால்தான் முடியும். அதனால் அறிக்கையை வெளியிடும் முன்பே உள்ளூர்க் குழுவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

உட்கார இடமும் இருக்கிறது. அதே விதிகளில் 17-ஆவது விதி, ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது. தன்னார்வ அமைப்பினருக்கும் அதில் இடம் உண்டு. சமாதானக் குழுவும் மனித உரிமை அமைப்புகளும் ஆட்சியரிடம் சேர்ந்தே போய், அடுத்த கூட்டம் எந்தத் தேதியில் என்று கேட்கட்டும்.